டிராக்நெட்டும் அதன் கூட்டாளிகளும்: பழைய அமெரிக்க வானொலியின் போலீஸ் நாடகங்கள்

வைகைக்கரையான்

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் அது தனியார் துப்பறிவாளர்கள் பக்கமே போய்விடுகிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் போலீஸ்காரர்களைப் பற்றிய நாடகங்களுக்கு இந்த இணைய மன்றத்தில் ஒரு விவாத இழைகூட இல்லை. 1930களில் தொடங்கி 1950களின் கடைசி வரை அங்கே வாரந்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தவை அவை. அதனால் தொடங்குகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகையின் உச்சம் ‘டிராக்நெட்’. அதுவும் வானொலி டிராக்நெட். டிவியில் வந்ததைக் கொஞ்சம் பார்த்துவிட்டு விட்டுவிட்டவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

1948இல் ‘ஹீ வாக்ட் பை நைட்’ என்றொரு படம் வந்தது. பின்னால் டிராக்நெட்டை உருவாக்கி அதன் நாயகனாகவும் நடித்த ஜாக் வெப், அதில் தடயவியல் கூடத்து ஆளாகச் சின்ன வேடம் செய்தார். படத்துக்கு ஆலோசகர் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸின் சார்ஜன்ட் மார்ட்டி வின். வானொலியில் வரும் போலீஸ் கதைகளில் நிஜமான வேலையே தெரிவதில்லை என்று வின் குறைப்பட்டுக்கொண்டார். வெப் அதை விடவில்லை. ரோந்துக் காரில் அவர்களோடு சுற்றி, போலீஸ்காரர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டார். 1949 ஜூன் 3ஆம் தேதி என்.பி.சி. வானொலியில் முதல் எபிசோட் வந்தது.

அரை மணி நேர நாடகம். சார்ஜன்ட் ஜோ ஃப்ரைடே தேதியையும் கிழமையையும் சொல்வார். நகரத்தில் அன்று வெயிலா குளிரா என்பதைச் சொல்வார். எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட், கூட்டாளி பென் ரொமேரோ, மேலதிகாரி இன்னார் என்பார். பிறகு போய் ஒரு கதவைத் தட்டுவார். அவ்வளவுதான். ஒரு வீட்டில் ஒன்றும் தெரியாது என்பார்கள். அடுத்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பொரிந்து தள்ளுவார்கள். மூன்றாவது வீட்டில் கார் நம்பரில் பாதி கிடைக்கும். துப்பாக்கி ஒருமுறைகூட வெடிக்காத எபிசோட்கள் உண்டு. குரல் உயர்வதே அபூர்வம். முடிவில் அறிவிப்பாளர் வந்து, இன்ன தேதியில் இன்ன நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது, இன்ன தண்டனை என்று படிப்பார். சில எபிசோட்களில் அந்தத் தண்டனை சான் க்வென்டின் சிறையின் விஷவாயு அறை. அதையும் அதே குரலில்தான் படிப்பார்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கோலோச்சிய ‘கேங் பஸ்டர்ஸ்’ கேட்க வேண்டும். ஃபிலிப்ஸ் லார்டு என்ற தயாரிப்பாளர் 1935இல் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யின் ஒத்துழைப்போடு ‘ஜி-மென்’ என்று ஆரம்பித்தார். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. 1936 ஜனவரியில் பெயரை மாற்றி, நாட்டிலுள்ள எல்லாப் போலீஸ் துறைகளின் வழக்குகளையும் எடுத்துக்கொண்டார். தொடக்கமே சைரன், மெஷின் கன், கைதிகளின் அணிவகுப்புக் காலடி என்று காதைப் பிளக்கும். நாடகத்தின் முடிவில் நிஜமாகவே தேடப்படும் குற்றவாளிகளின் அடையாளங்களை வாசிப்பார்கள். 1932இல் புகழ்பெற்ற விமானி லிண்ட்பர்கின் குழந்தை கடத்தப்பட்டபோது நியூஜெர்சி மாநில போலீஸின் தலைவராக இருந்த நார்மன் ஷ்வார்ஸ்காஃப் பல ஆண்டுகள் அதைத் தொகுத்து வழங்கினார். 1991 வளைகுடாப் போரில் படைகளை நடத்திய தளபதி இவருடைய மகன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய நாட்டில் வெப் குரலைத் தாழ்த்திப் பேச வைத்தார். அதுதான் எனக்குப் பெரிய விஷயம். மற்றவர்களும் கேட்டதைச் சொல்லுங்கள்.

செல்வி_திருச்சி

அண்ணா, நான் இதுவரைக்கும் ஒண்ணுகூட கேட்டதில்ல. நைட் ஷிஃப்ட்ல ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ஏதாவது கேட்டுட்டே வேலை பார்க்கிற ஆள் நான். பழைய அமெரிக்க இங்கிலீஷ் வேகமா பேசினா புரியுமான்னு ஒரு பயம் இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம்? ரெண்டு சொன்னா போதும்.

வைகைக்கரையான்

செல்வி, பயமே வேண்டாம். டிராக்நெட்டில் எல்லாரும் சின்னச் சின்ன வாக்கியங்களாகத்தான் பேசுவார்கள்.

முதலில் 1949 ஜூலை 21 எபிசோட். ஒருவன் வெடிகுண்டோடு நகரமன்றக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறான். சிறையிலிருக்கும் தன் சகோதரனை விடுதலை செய்யவேண்டும், இல்லையென்றால் குண்டு வெடிக்கும் என்கிறான். ஃப்ரைடே அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கெடு நெருங்குகிறது. இதே கதையைத்தான் 1951 டிசம்பர் 16 அன்று முதல் டிவி எபிசோடாக எடுத்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நான் ஏன் வானொலியைச் சொல்கிறேன் என்று புரியும். டிவியில் அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது 1949 டிசம்பர் 22 எபிசோட். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் ஒலிபரப்பானது. கதை முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஒரு சின்னப் பையனைக் காணவில்லை. வீட்டின் பின்பக்கத்தில் ரத்தம் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் பரிசாக அவனுக்கென்று வாங்கி ஒளித்து வைத்திருந்த .22 துப்பாக்கி பெட்டியில் இல்லை. இன்னொரு பையனையும் காணோம். அவன் இவனுடைய நண்பன். தேடி, விசாரித்து, கடைசியில் முதல் பையன் மட்டும் கிடைக்கிறான். துப்பாக்கியோடு ஓடிய நண்பன் தடுக்கி விழுந்து, அது வெடித்து இறந்துவிட, என்ன செய்வதென்று தெரியாமல் உடலை மறைத்து வைத்து, உயிர் திரும்பி வரவேண்டுமென்று ஜெபம் செய்துகொண்டிருந்திருக்கிறான். கடத்தியவனும் இல்லை, கொலைகாரனும் இல்லை. இறந்த பையனின் அப்பா, தன் மகனுக்கு வாங்கி வைத்திருந்த பரிசுகளையெல்லாம் அந்த மற்றப் பையனிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்.

துப்பாக்கி வைத்திருப்போரின் சங்கமான தேசிய ரைஃபிள் அசோசியேஷன் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. போலீஸ் தரப்போ நாடகத்தின் பக்கம் நின்றது. பின்வந்த ஆண்டுகளிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கதையை மறுபடி போட்டார்கள். பண்டிகை வாரத்தில், சிகரெட் கம்பெனி ஸ்பான்சர் செய்த நிகழ்ச்சியில், ஒரு குழந்தையின் சாவை இப்படிச் சொல்லும் துணிவு அன்றைய வானொலியில் வேறு யாருக்கு இருந்தது?

ஒலிக்கூடம்_ராமு

டப்பிங் தியேட்டர்ல சத்தம் சேர்க்கிற வேலை பார்க்கிறவன் நான். கதையைவிட எனக்கு அதோட ஒலிதான் பாடம்.

பழைய நாடகங்கள்ல காலடிச் சத்தம்னா ஒரே மாதிரி டக் டக்னு இருக்கும். டிராக்நெட்ல தரை மாறினா காலடி மாறும். ரெண்டு பேர் நடந்தா ரெண்டு காலடி, அதுல ஒருத்தர் கனமான ஆள்னு தெரியும். பேசிட்டே நடக்கிறாங்கன்னா, அந்தத் தாழ்வாரம் எவ்வளவு நீளம்னு பேச்சு முடியறதுக்குள்ள நமக்கே ஒரு கணக்கு வந்துடும். பின்னணியில டைப்ரைட்டர், போன், கதவு, தூரத்துல யாரோ பேசற பேச்சு எல்லாம் இருக்கும். ஆனா எதுவுமே ‘நான் இருக்கேன்’னு முன்னால வந்து நிக்காது. சாதாரண அரை மணி நாடகத்துக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ சத்தம் கொடுத்த காலத்துல வெப் அஞ்சு பேர் வரைக்கும் வச்சிருந்தார்.

நான் திரும்பத் திரும்பக் கேட்கிற இடம் ஒண்ணு உண்டு. ஃப்ரைடே யூட்டா மாநிலத்துல ஃபவுண்டன் கிரீன்னு ஒரு சின்ன ஊருக்கு டிரங்க் கால் போடுவார். ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டருக்குக் கொடுக்க, அவங்க அடுத்தவங்களுக்குக் கொடுக்க, லைன் ஊர் ஊரா போறது அப்படியே காதுல விழும். நிஜமா போட்ட டிரங்க் காலையே பதிவு பண்ணிச் சேர்த்திருக்காங்க. வேற டைரக்டரா இருந்தா அதை வெட்டிட்டு ‘ஹலோ’வுல ஆரம்பிச்சிருப்பார். கேட்கிற நமக்கும் அந்தக் காத்திருப்பு வேணும்னு வெப் நினைச்சார். எடிட்டிங்ல இப்ப அந்தப் பொறுமை யாருக்கும் கிடையாது, எங்க தியேட்டரையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு நடிப்பு. மைக் பக்கத்துல நின்னு, அழுத்தம் கொடுக்காம, கிட்டத்தட்ட படிக்கிற மாதிரிப் பேசணும்னுதான் வெப் கேட்பார். மேடையில நடிச்சுப் பழகினவங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். ரேமண்ட் பர் ஆரம்ப எபிசோட்கள்ல துப்பறியும் பிரிவுத் தலைவர் எட் பேக்ஸ்ட்ராண்டா வருவார். பின்னாடி டிவியில வக்கீல் பெர்ரி மேசனா வந்தவர். அவ்வளவு பெரிய குரலை இதுல எப்படிச் சுருக்கி வச்சிருக்கார்னு கேளுங்க.

செல்வி கேட்கிறப்ப கவனிக்க ஒரு விஷயம். இதெல்லாம் 16 அங்குல இசைத்தட்டுகள்ல பதிவானதால தப்பிச்சுது. ஒரு பக்கத்துக்குப் பதினஞ்சு நிமிஷம்தான். அதனால நிறைய பிரதிகள்ல நாடகம் பாதி வந்ததும் இரைச்சலோட தன்மை சட்டுனு மாறும். உங்க ஹெட்ஃபோன் கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேண்டாம், தட்டைத் திருப்பிப் போட்ட இடம் அது.

பழைய_ரைட்டர்

தம்பி வைகை எழுதியதைப் படித்துவிட்டுப் பேரனிடம் சொல்லி நாலைந்து எபிசோட் போடச் சொன்னேன். நான் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, நெடுங்காலம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்து, எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன். இங்கிலீஷ் நாடகம் கேட்பது இதுதான் முதல் தடவை.

முதலில் சொல்ல வேண்டியது, இவர்களுக்குப் போலீஸ் வேலை தெரிந்திருக்கிறது. சினிமாவில் இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து குதிப்பார், குற்றவாளி ஓடுவான். நிஜத்தில் ஒரு திருட்டு வழக்கில் பாதி நாள் அடகுக்கடைகளில் போகும். மீதி நாள் பழைய ஃபைலில் போகும். இந்த நாடகத்தில் ‘ஆர் அண்ட் ஐ’ என்று ஒரு பிரிவை அடிக்கடி சொல்கிறார்கள். பதிவேடும் அடையாளமும் பார்க்கிற இடம். திருடியவன் எப்படி உள்ளே நுழைந்தான், எந்த நேரத்தில் வந்தான், என்ன பேசினான், இதையெல்லாம் அட்டையில் ஏற்றி, அதே மாதிரிச் செய்தவன் யாரென்று தேடுகிறார்கள். குற்றம் செய்யும் பாணியைப் பார்க்கும் இதை நாங்கள் எம்.ஓ. பார்ப்பது என்போம். பழைய குற்றவாளிகளின் பட்டியலான கே.டி. லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் இதே வேலைதான். அலுப்பான வேலை. அந்த அலுப்பைக் கேட்கிறவனுக்கு அலுக்காமல் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

சாட்சியிடம் கேட்கும் விதமும் சரி. பயந்த சாட்சியைப் பேசவிட்டுவிட்டு, நடுவே ஒரே ஒரு கேள்வி போடுகிறார். சம்பந்தமில்லாமல் பேசினாலும் தடுக்கவில்லை. நல்ல ரைட்டர் அப்படித்தான் சாட்சியின் வாக்குமூலத்தை, எங்கள் காலத்து 161 ஸ்டேட்மெண்டை, எழுதுவான்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. நான் கேட்டவற்றில் குற்றவாளி ஃப்ரைடேயிடம் ஒப்புக்கொண்டதும் கதை முடிந்துவிடுகிறது, நேரே தண்டனையைப் படித்துவிடுகிறார்கள். நம் 1872ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு என்ன சொல்லியது? போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்றது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டதற்குக் காரணம் என்ன என்பது ஸ்டேஷனில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். அந்த ஊரில் அது எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்_மதுரை

ஐயா, நீங்கள் கை வைத்த இடத்திலிருந்தே நான் பேசுகிறேன். வழக்கறிஞராக இருப்பதால் எனக்கும் அதே இடம்தான் உறுத்தியது.

இந்த இழையில் எல்லாரும் நிஜம், நிஜம் என்கிறார்கள். யார் ஒப்புதல் கொடுத்த நிஜம்? டிராக்நெட்டின் வழக்குகள் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸின் கோப்புகளிலிருந்து வந்தன. எழுதிய ஸ்கிரிப்டைப் போலீஸ் பார்த்து ஒப்புக்கொண்டது. எபிசோட் முடிவில் போலீஸ் தலைவர் அலுவலகத்துக்கு நன்றி சொல்வார்கள். அந்தத் துறை அப்போது எப்படி இருந்தது?

நாடகம் தொடங்கியது 1949 ஜூன். அதே மாதக் கடைசியில் போலீஸ் தலைவர் ஹொரால் பதவியை விட்டுப் போனார். பிரெண்டா ஆலன் என்ற பெண் நடத்திய விபசாரத் தொழிலுக்கு அதிகாரிகள் காவல் கொடுத்தார்கள் என்ற ஊழல் வெடித்திருந்த நேரம் அது. ஒரு மரைன் படைத் தளபதியைக் கொண்டுவந்து இடைக்காலத்துக்கு உட்கார வைத்தார்கள். 1950 ஆகஸ்டில் வில்லியம் பார்க்கர் வந்தார். 1966இல் இறக்கும்வரை அவர்தான் தலைவர். நாடகம் எதற்காகப் போலீஸுக்குத் தேவைப்பட்டது என்பதை இந்தத் தேதிகளே சொல்கின்றன.

அடுத்தது 1951 கிறிஸ்துமஸ். அன்று அதிகாலை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் காவலில் இருந்த ஏழு இளைஞர்களை, குடித்துவிட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் மெக்ஸிகோ வம்சாவளியினர். எலும்பு முறிந்தது, உள்ளுறுப்புகள் சிதைந்தன. மாதக்கணக்கில் மூடி மறைத்த பிறகே வெளியில் வந்தது. எட்டுப் போலீஸ்காரர்கள் மீது வழக்கு, ஐந்து பேருக்குத் தண்டனை, 54 பேர் இடமாற்றம், 39 பேர் தற்காலிக நீக்கம்.

இனி ஐயா கேட்டதற்கு வருகிறேன். பேசாமலிருக்கும் உரிமை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று கைதானவரிடம் விசாரணைக்கு முன் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பு 1966இல்தான் வந்தது. ஃப்ரைடே காலத்தில் அது கிடையாது. சட்டவிரோதமாகத் தேடி எடுத்த சான்றைக்கூட கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் 1955 வரை ஏற்றுக்கொண்டன. சார்லஸ் காஹன் என்பவரின் வீடுகளுக்குள் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் திருட்டுத்தனமாக நுழைந்து மைக் ஒளித்து வைத்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் இனி இதை ஏற்க முடியாது என்றது. பார்க்கர் அந்தத் தீர்ப்பைக் கடுமையாக எதிர்த்தார். ஜோ ஃப்ரைடேயின் கண்ணியமான குரலைக் கேட்டுப் பழகிய நாட்டில் பார்க்கரின் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வைகைக்கரையான்

தென்றல், இந்தத் தகவல் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ‘போலீஸ் ஒப்புக்கொண்டது, ஆகவே விளம்பரம்’ என்று ஒரே வீச்சில் தள்ள முடியாது. விளம்பரம் வேறு எப்படி இருந்தது என்பதற்கும் உதாரணம் உண்டு. ‘திஸ் இஸ் யுவர் எஃப்.பி.ஐ.’ 1945 முதல் 1953 வரை ஓடியது, ஸ்பான்சர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஹூவரின் முழு ஆசி. அதில் ஏஜென்டுகளுக்கு முகமே கிடையாது. தப்பே செய்யமாட்டார்கள், களைப்பும் வராது. ஃப்ரைடே களைத்துப்போவார். கல்யாணம் ஆகாதவர், அம்மாவோடு இருப்பார், அவர் போட்ட உழைப்பு பல நேரம் வீணாகும்.

பென் ரொமேரோவாக நடித்த பார்ட்டன் யார்பரோ 1951 டிசம்பர் 19 அன்று மாரடைப்பில் இறந்தார். முதல் டிவி எபிசோட் வந்து மூன்றே நாள். வெப் வேறொருவரை அதே பெயரில் நடிக்க வைத்திருக்கலாம். செய்யவில்லை. 27ஆம் தேதி எபிசோடில் ரொமேரோவும் மாரடைப்பில் சாகிறார். ஃப்ரைடே அதைத் தாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். தொடர் நாடகத்தில் முக்கியப் பாத்திரம் ஒருநாள் சும்மா செத்துப்போவது, குண்டடி படாமல், வீரமில்லாமல், இதயம் நின்று செத்துப்போவது, அன்றைக்கு அபூர்வம். இதை விளம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தென்றல்_மதுரை

நீங்கள் சொன்ன தேதியைப் பாருங்கள். 27ஆம் தேதி, வியாழக்கிழமை. அந்த ஏழு பேரை அடித்தது 25ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரே ஒரு நாள். நாடு முழுக்கக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு கற்பனைப் போலீஸ்காரருக்காகக் கண்ணீர் விட்ட இரவில், அதே ஊரின் நிஜமான போலீஸ் அடித்தவர்கள் உடைந்த எலும்போடு கிடந்தார்கள். கேட்டவர்கள் யாருக்கும் அது தெரியாது. வெப் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த எபிசோட் நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. நன்றாக இருந்தது என்பதுதான் என் வாதம். மட்டமான நாடகமாக இருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1933 முதல் 1939 வரை ‘காலிங் ஆல் கார்ஸ்’ என்று ஒன்று வந்தது. ரியோ கிராண்டே என்ற பெட்ரோல் கம்பெனி அதன் ஸ்பான்சர். எங்கள் பெட்ரோலைத்தான் போலீஸ் கார்களே போட்டுக்கொள்கின்றன என்று விளம்பரம். போலீஸ் தலைவர் ஜேம்ஸ் டேவிஸே மைக் முன் வந்து கதையை அறிமுகம் செய்வார். 1938 ஜனவரியில் நகர ஊழலை விசாரித்த ஹாரி ரேமண்ட் என்பவரின் காரில் குண்டு வைத்தார்கள். வைத்தது யார்? டேவிஸின் கீழிருந்த உளவுப் பிரிவு அதிகாரி. அந்த ஆண்டே மேயரை மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள், டேவிஸும் போனார்.

பழைய_ரைட்டர்

அம்மா தென்றல், நீங்கள் எழுதியதைப் படித்தபின் மறுபடி ஒரு எபிசோட் போட்டுக் கேட்டேன். என் அனுபவத்தில் சொல்கிறேன்.

தம்பி ராமு சொல்வதுபோல் அதில் எல்லா இடமும் காதால் தெரிகிறது. தாழ்வாரம், படிக்கட்டு, பதிவேட்டு அறை, விசாரணை அறை. பிறகு ஒரேயடியாக நீதிமன்றம் வந்துவிடுகிறது. விசாரணை அறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறது, அது லாக்கப்பில் கழியும். அந்தக் கதவுக்குள் மைக் போகவே இல்லை. சொன்னதில் பொய் இல்லை. நான் பார்த்த மட்டில் அந்த வேலை அப்படித்தான். சொல்லாமல் விட்ட அறை ஒன்று இருக்கிறது. தலைமையகத்தின் கையெழுத்து வாங்கி எழுதுகிற ஸ்கிரிப்டில் அந்த அறை எப்படி வரும்? எந்த ஊரிலும் வராது. நான் எழுதிய கேஸ் டைரிகளிலும் வந்தது கிடையாது.

வைகை தம்பி ரசிப்பதில் தப்பில்லை. அந்த வேலையை மதித்துச் செய்தவர்களும் எல்லா ஸ்டேஷனிலும் உண்டு, ஃப்ரைடே மாதிரி ஆட்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரையான்

ஐயா, இந்த நாடகத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. இனி ரொமேரோ சாகும் எபிசோடைக் கேட்கும்போது 25ஆம் தேதியும் கூடவே வரும். அதனால் அதைக் கேட்காமல் இருக்கப் போவதில்லை. பரிசுகளைத் தூக்கிக்கொண்டு போகும் அந்த அப்பா போலீஸ் கோப்பிலிருந்து வந்தாலும் எனக்கு அவர் உண்மைதான்.

போலீஸுக்கும் வெப்புக்கும் இருந்த நெருக்கத்துக்கு இன்னொரு சான்று நானே தருகிறேன். 1982 டிசம்பரில் வெப் இறந்தபோது லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கியது. ஃப்ரைடேயின் 714ஆம் எண் பேட்ஜை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. கற்பனைப் பாத்திரம் அணிந்த எண்.

நடுநிசி_வாசகன்

லாஸ் ஏஞ்சலிஸை விட்டுக் கொஞ்சம் நியூயார்க் பக்கமும் வாருங்கள். ‘பிராட்வே இஸ் மை பீட்’, சி.பி.எஸ். வானொலி, 1949 முதல் 1954 வரை. துப்பறியும் அதிகாரி டேனி குளோவராகப் பெரும்பாலான எபிசோட்களில் லாரி தோர். அவை எலியட் லூயிஸ் தயாரித்து இயக்கியவை, மார்ட்டன் ஃபைன், டேவிட் ஃப்ரீட்கின் இருவரும் எழுதியவை. எந்தப் போலீஸ் துறையின் முத்திரையும் இல்லை. டைம்ஸ் சதுக்கத்திலிருந்து கொலம்பஸ் வட்டம் வரையிலான அந்த ஒரு மைல் தெருவைப் பற்றி குளோவர் பேசுவது வசன கவிதை மாதிரி இருக்கும். நிஜத்தில் எந்தப் போலீஸ்காரரும் அப்படிப் பேசமாட்டார். ஆனால் குற்றம் செய்தவர்களின் தனிமை இதில் தெரிகிற அளவுக்கு டிராக்நெட்டில் தெரியாது. டிராக்நெட்டில் குற்றவாளி கடைசி ஐந்து நிமிடத்துக்கு வருபவர். இதில் அவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கும். பின்னணியில் தெருவின் இரைச்சலும் ஓயாது, ராமு சார் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஒலிக்கூடம்_ராமு

கேட்டிருக்கேன் சார். அந்தக் கார் ஹாரன்களும் கூட்டத்துச் சத்தமும் ஹாலிவுட் ஸ்டுடியோவுல உண்டாக்கினது. நியூயார்க்ல எடுத்ததுன்னுதான் ரொம்ப நாள் நம்பினவங்க இருக்காங்க. சத்தக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேணாம்.

செல்வி_திருச்சி

அண்ணா, ரெண்டும் கேட்டுட்டேன். கிறிஸ்துமஸ் எபிசோட் கேட்டுட்டு கொஞ்ச நேரம் வேலையே ஓடல. இங்கிலீஷ் நல்லாவே புரிஞ்சுது. ராமு அண்ணா சொன்ன மாதிரி நடுவுல இரைச்சல் மாறினதும் சிரிச்சிட்டேன்.

தென்றல் அக்கா எழுதினதைப் படிச்ச பிறகு எனக்கு ஒரு சந்தேகம். பொதுமக்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள வர்ற பக்கமா, அவங்க கஷ்டத்தோட ஆரம்பிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? துப்பறியற ஆள் பக்கத்துலேர்ந்தே எல்லாம் சொல்றாங்களே.

நடுநிசி_வாசகன்

இருக்கிறது அம்மா. ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் பிரீசிங்க்ட்’. சி.பி.எஸ்., 1953 முதல் 1956 வரை. ஒவ்வொரு எபிசோடும் நியூயார்க்கின் ஒரு ஸ்டேஷனுக்கு வரும் போன் அழைப்பில்தான் ஆரம்பிக்கும். எதிர்முனையில் பேசுபவர் பதற்றத்தில் விலாசத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லமாட்டார். ஸ்டேஷன் கேப்டன் கென்னல்லியாக முதலில் நடித்தவர் எவரெட் ஸ்லோன், நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸின் நாடகக் குழுவிலிருந்து வந்தவர். கொலையும் உண்டு, குழந்தை காணாமல் போவதும் உண்டு, பக்கத்து வீட்டுச் சண்டையும் உண்டு. பெரிய வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வரவேற்பு மேசைக்கு வேறு யாராவது ஒன்றுமில்லாத புகாரோடு வந்து நிற்பார்கள். கேப்டன் அதையும் கவனிக்க வேண்டும்.

பழைய_ரைட்டர்

அப்படியென்றால் அதை நானும் கேட்க வேண்டும். பாரா நிற்கிறவனுக்கும் ரைட்டருக்கும் வேலையே அதுதான். செல்வி, நீ முதலில் கேட்டுவிட்டு எந்த எபிசோட் என்று இங்கே போடு, பேரனிடம் அதையே சொல்கிறேன்.